பில்லில் ஒரு சென்சார், பெட்டிக்குள் வேறு சென்சார்

வீட்டுக்குப் பின்னால் சிறியதாக ஒரு சிப்பிக்காளான் குடில் போட்டிருக்கிறேன். மொட்டு விடும் நேரத்தில் உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அடிக்கடி ஓடிப் பார்க்க முடியாததால், வைஃபை வழியாகக் கம்ப்யூட்டரிலேயே வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் செட் ஒன்றை ஒருவரிடம் வாங்கினேன். மூன்று பெட்டி, மாட்டிக் கொடுக்கும் கூலியோடு 7,500 ரூபாய். உள்ளே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் பாகத்தின் மாடல் பெயர், 'டிஹெச்டி22 சென்சார்' என்று பில்லில் தெளிவாகவே எழுதியிருந்தது.

மூன்று பெட்டியும் ஈரப்பதம் 95 சதவீதம் என்று காட்டின. உச்சி வெயிலிலும் 95, நடுராத்திரியிலும் 95. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ ஈரம் கூடிப்போச்சு என்று தண்ணீர் தெளிப்பதைக் குறைத்தேன். நான்கே நாளில் மொட்டெல்லாம் மஞ்சளாகிச் சுருங்கிவிட்டது. சுவரில் தொங்கவிட்ட சாக்கைத் தொட்டால் மொறமொறவென்று காய்ந்திருக்கிறது; திரையில் அப்போதும் 95!

விற்றவருக்குப் போன் செய்தால், "சார், உங்க ஊர் கிளைமேட் அப்படி" என்கிறார்.

பெட்டியைச் சுற்றிப் பசை, மேலே 'திறந்தால் வாரண்டி இல்லை' ஸ்டிக்கர். போனால் போகட்டும் என்று திறந்தேன். உள்ளே நீல நிறத்தில் குட்டியாக டிஹெச்டி11. பில்லில் இருந்த டிஹெச்டி22 வெள்ளையாக, இதைவிடப் பெரியதாக இருக்கும். விலையும் அதிகம். டிஹெச்டி11 ஈரப்பதத்தை 5 சதவீதம் முன்னே பின்னே காட்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 90-க்கு மேல் அது காட்டும் எண்ணை நம்பவே முடியாது. காளான் குடிலுக்கு அது எதற்கு?

உறுதி செய்ய உப்புச் சோதனையும் செய்தேன். பாட்டில் மூடியில் சமையல் உப்பு, ஈர மணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். அதையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால் 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். மூன்றில் இரண்டு 95, ஒன்று 88. பணம் கொடுப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை.

இதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மறுநாளே கம்ப்யூட்டரில் அளவு காட்டும் பக்கம் திறக்கவில்லை. அளவெல்லாம் இன்டர்நெட் வழியாக அவருடைய சர்வருக்குப் போய்த்தான் என் திரைக்கு வந்திருக்கிறது, அதுவும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாங்கப் போகிறவர்கள் மாட்டியவுடன் ரவுட்டரில் இன்டர்நெட் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரில் எண் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் சாவி அவர்கள் கையில்தான்.

பில், திறந்த பெட்டியின் போட்டோ இரண்டையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.