வர்ண இலைக் கொடி ரோசா வாங்கப்போகிறவர்கள் கவனிக்கவும்

யாழ்ப்பாணத்தில் புதிதாக மதில் கட்டிவிட்டு அதில் என்ன படர விடலாம் என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முகநூலில் பூங்கன்று விற்கும் ஒருவர் "வர்ண இலைக் கொடி ரோசா" என்று இரண்டு இனம் போட்டிருந்தார். ஒன்று கருஞ்சிவப்பு இலை, மற்றது பொன்மஞ்சள் இலை. பூ இல்லாத காலத்திலும் மதில் நிறமாக இருக்குமாம். கன்று ஒன்று 2500 ரூபா. இரண்டிலும் வாங்கினேன். ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது நிறமெல்லாம் இருந்ததுதான். "இதின்ரை இனமே இப்பிடித்தான் அக்கா, சிவப்பு மாறாது" என்றார்.

மாறியது. ரோசாவில் பல இனங்களுக்குத் தளிர் சிவந்துதான் வரும்; இலை முற்ற முற்றப் பச்சையாகிவிடும். ஆள் செய்தது இவ்வளவுதான்: கிளைகளை ஒட்ட நறுக்கி, ஒரேயடியாகத் துளிர்க்கவிட்டு, பழைய இலை ஒன்றும் மிஞ்சாத நேரம் பார்த்து விற்றிருக்கிறார். விளம்பரத்தில் போட்ட படமோ ரோசா குளோக்கா என்ற வேறு இனத்தினுடையது. சாம்பலும் ஊதாவும் கலந்த இலை அதற்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் அது ஐரோப்பிய மலைப்பகுதிச் செடி, குளிர் கேட்கும், அதுவும் ஆளுயரத்துக்குச் சற்று மேலே போகும் புதர். எங்கள் சித்திரை வெயிலுக்கும் மதிலுக்கும் அது சரிவராது.

மஞ்சள் கன்றின் கதை இன்னும் மோசம். பக்கத்து வீட்டு ஐயா விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். இலையொன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இலை முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் வலைபோலப் பச்சை. "பிள்ளை, இது இனமில்லை, வருத்தம்" என்றார். இரும்புச்சத்துக் குறைபாடு. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீரிலும் அதுதான், கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் அதை எடுக்காது. புது இலைதான் முதலில் மஞ்சளாகும். நோய்பிடித்த கன்றை "பொன் இலை" என்று சொல்லி இரட்டை விலைக்கு விற்க ஒரு துணிச்சல் வேண்டும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிவப்புக் கன்றுகளில் ஒன்று வாடத் தொடங்கியதும் பையைக் கிழித்துப் பார்த்தோம். தடி அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. ஒட்டுக்கட்டிய அடையாளமும் இல்லை, ஒரு மயிர் வேரும் இல்லை. வெட்டிய தடியை மண்ணில் குத்தி, தடியில் இருந்த சத்தில் துளிர்த்ததைக் கன்று என்று தந்திருக்கிறார்.

"தானாகவே மதிலைப் பிடித்து ஏறும்" என்றதும் பொய். கொடி ரோசாவுக்குப் பற்றுக்கம்பியும் இல்லை, ஒட்டுவேரும் இல்லை. மதிலில் ஆணி அடித்து, கம்பி இழுத்து, கிளையைச் சாய்த்துக் கட்டிவிட வேண்டும். சாய்த்துக் கட்டினால்தான் பூவும் நிறைய வரும்.

இலையில் வெள்ளை தெறித்த கொடி ரோசா உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அது அபூர்வம், வீதியோரத்தில் கும்பலாக வந்து இறங்காது. யாராவது அப்படி விற்றால் அடி இலையைக் காட்டச் சொல்லுங்கள். முற்றிய இலையிலும் நிறம் நின்றால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். நரம்பு பச்சையா என்று பாருங்கள். பையைத் தூக்கி அடியில் வேர் தெரிகிறதா என்றும், தண்டில் ஒட்டு முடிச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். மதிலுக்கு நிறமான இலைதான் வேண்டுமென்றால் வெள்ளை விளிம்பு இலை உள்ள போகன்விலா இருக்கிறது. இந்த வெயிலையும் மண்ணையும் அது தாங்கும். அதையும் கட்டிவிடத்தான் வேண்டும்.

காசைத் திருப்பிக் கேட்டு எடுத்த அழைப்புக்கெல்லாம் பதில் இல்லை. கடைசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: அடுத்த லொறியில் நீல இலை ரோசா வருகிறதாம், எனக்கென்றால் அரைவிலையாம்.