‘டும்’ வரும் பாட்டும் ஏற்காட்டு மிளகுக் கோழியும்

மிளகுக் கோழி நன்றாக இருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உணவகத்தைப் பற்றிச் சொல்ல வந்தவன் பாட்டுக் கதையாகவே அளக்கிறான் என்று பிறகு யாரும் குறைப்படக் கூடாது. மிளகை அன்றன்றைக்கு இடிக்கிறார்கள் போலிருக்கிறது. வாயில் வைத்ததும் ஒன்றும் தெரியவில்லை, விழுங்கிய பிறகுதான் தொண்டையில் ஏறியது. மிளகு என்றால் அப்படித்தான் ஏற வேண்டும். விலை 320 ரூபாய், கொடுக்கலாம். பரோட்டா ஆறிப்போய் வந்தது. திருப்பி அனுப்பினோம், அதையே கல்லில் போட்டுச் சுட வைத்துக் கொண்டுவந்தார்கள், இந்த முறை அப்பளம் மாதிரி உடைந்தது. காப்பி 60 ரூபாய். காப்பித் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு சிக்கரி தூக்கலான காப்பி குடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏரிக்கரைக் கடைகளில் விற்கும் மிளகாய் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் இங்கே கோழி மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம்.

இடம் ஏற்காடு ஏரியிலிருந்து நடக்கிற தூரம். பெயரை எழுதப்போவதில்லை. காரணம் தானாகப் புரியும்.

பெங்களூரிலிருந்து மகளும் மருமகனும் பேரனும் வந்திருந்தார்கள். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து சாயங்காலம் நான்கு மணிக்குக் கிளம்பினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் 11-வதில் பேரன் வாந்தி எடுத்தான். அதற்கு உணவகம் பொறுப்பல்ல.

வாசலில் ‘சனி, ஞாயிறு நேரடி இசை’ என்று பலகை வைத்திருந்தார்கள். நீளமான வராந்தா, மேலே தகரக் கூரை, கூரைக்கு அப்பால் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். மூலையில் ஒரு ஸ்டூல், ஒரு மைக், கிட்டாரோடு ஒரு பையன். இருபத்திரண்டு வயதிருக்கும். தாளத்துக்கு ஆள் இல்லை, கைப்பேசிதான் தாளம். இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் 12 அங்குல ஸ்பீக்கர்கள். ஏழரைக்கு உட்கார்ந்தோம். ஏழு நாற்பதுக்கு ‘ஹோட்டல் கலிபோர்னியா’ என்ற ஆங்கிலப் பாட்டு. எட்டரைக்கு மறுபடியும் அதுவே. ஒன்பதே காலுக்கு மூன்றாம் தடவை. மூன்றும் வெவ்வேறு மேசைக்காரர்கள் காகிதத் துண்டில் எழுதிக் கொடுத்த விருப்பம். ஒரே இரவில் மூன்று முறையா என்று மருமகன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று முறையும் அந்தப் பையன் ஒரே இடத்தில் பாட்டை நிறுத்தினான். அந்த இடம்தான் என்னை உறுத்தியது.

இந்தப் பாட்டைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இதைச் சேலத்தில் தேய்த்தவர்களில் நானும் ஒருவன்.

1986-ல் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பாட்டுப் பட்டியல் கொண்டுவந்தால் கேசட்டில் பதிந்து கொடுப்போம், பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம், சினிமாப் பாட்டு என்றால் பத்துப் பிடிக்கும். விடுமுறைக்கு மலையிறங்கும் ஏற்காட்டு விடுதிப் பள்ளி மாணவர்கள் ஆங்கிலப் பட்டியலோடு வருவார்கள். பட்டியலில் எது மாறினாலும் இது மாறாது. ஆறரை நிமிடம் ஓடும் பாட்டு. ஒரு பாட்டுக்கான காசில் அதைப் பதிந்தால் எங்களுக்கு நஷ்டம் என்று முதலாளி இரண்டு பாட்டாகக் கணக்குப் போடச் சொன்னார். ஒரு மாணவன்கூட அதற்குப் பேரம் பேசியதில்லை.

இந்தப் பாட்டு உள்ள, ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் இசைத்தட்டு வெளிவந்தது 1976 டிசம்பரில். இந்தப் பாட்டு தனித் தட்டாக வந்து, 1977 மே மாதம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மெட்டைக் கொண்டுவந்தவர் கிட்டார்காரர் டான் ஃபெல்டர். வார்த்தைகளில் டான் ஹென்லிக்கும் கிளென் ஃப்ரேக்கும் பங்கு. டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடியவர் ஹென்லி. வானொலிக்கு இவ்வளவு நீளம் ஆகாது, சுருக்குங்கள் என்று இசைத்தட்டு நிறுவனம் கேட்டபோது குழு மறுத்துவிட்டது என்று ஃபெல்டர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர்கள் மறுத்த வேலையைப் பிறகு நான் தினமும் செய்தேன்.

கேசட் தொழில் படுத்த பிறகு ஆடியோ செட் விற்கும் ஒரு கடைக்கு மாறினேன். 1980-ல் பிரிந்துபோன குழு 1994-ல் மறுபடி சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தி, அதைத் தட்டாகவும் வெளியிட்டது. மறுபடி எப்போது சேருவீர்கள் என்று கேட்டவர்களிடம் நரகம் பனியாய் உறையட்டும் பார்க்கலாம் என்று ஹென்லி சொல்லி வந்தாராம், அந்தத் தட்டுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அதில் இந்தப் பாட்டு வேறு உருவத்தில் இருக்கிறது. நைலான் தந்திக் கிட்டார் தனியாகத் தொடங்கும். பிறகு அடியாழத்திலிருந்து ‘டும்’ என்று ஒரு முழக்கம். பின்னால் மணல் உரசுவது போன்ற தாளக் கருவி. கூட்டம் பாட்டை அடையாளம் கண்டு ஆரவாரிக்கும் ஒலி. பாடகர் வாய் திறப்பதற்குள் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடிவிடும்.

ஸ்பீக்கர் விற்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘டும்’முக்குக் கனத்த ஒலி தரும் வூஃபரைக் காட்டலாம். உரசலுக்கு மெல்லிய ஒலி தரும் ட்வீட்டரைக் காட்டலாம். ஆரவாரத்துக்குப் பின்பக்க ஸ்பீக்கரைக் காட்டலாம். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. லாரி முதலாளிகளும் விசைத்தறி முதலாளிகளும் வருவார்கள். வூஃபரின் முன்வலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் கூம்பு முன்னும் பின்னும் குதிப்பதைக் கண்ணால் பார்க்கவைப்பேன். ஒருவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து நாடி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணினார். பாட்டின் பெயர் யாருக்கும் தெரியாது. “அந்த டும் வரும் பாட்டைப் போடுங்கள்” என்பார்கள். ‘டும்’ வந்து, முகம் மலர்ந்து, விலை பேச ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் பேரம் காதில் விழாது. பதினைந்து ஆண்டுகள், நாளுக்கு நாலைந்து முறை. எத்தனை ஆயிரம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். முழுதாகக் கேட்டது விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கேட்டுக் கேட்டுப் புளித்த பாட்டு என்று இதைச் சொல்கிறார்கள். புளிப்பது வேறு. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் விடிகாலையிலிருந்து தெருவெல்லாம் கேட்கும், வருஷா வருஷம் அதே பாட்டுகள்தான். யாரும் சலித்துக்கொள்வதில்லை. அங்கே பாட்டு முடியும்வரை ஓடுகிறது. இந்தப் பாட்டை மட்டும் வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம். ஸ்பீக்கர் கடையில் நான் செய்ததும் அதுதான், மலைமேல் இவர்கள் செய்வதும் அதுதான்.

பையன் எங்கே நிறுத்தினான் என்று சொல்லவில்லையே. கடைசி வரியைப் பாடி முடித்து, ஒரு கார்டை, அதாவது பல சுரங்கள் சேர்ந்த ஒரு கூட்டொலியை, இழுத்து மீட்டி, நன்றி சொல்லிவிடுகிறான். அசல் பாட்டில் அந்த வரிக்குப் பிறகுதான் ஃபெல்டரும் குழுவின் இன்னொரு கிட்டார்காரர் ஜோ வால்ஷும் வந்து நிற்பார்கள். ஒருவர் வாசித்துவிட்டு ஒதுங்க, மற்றவர் பதில் சொல்ல, பிறகு இருவரும் கூடி, ஒரே ஓட்டத்தில் ஒருவர் சற்று மேலேயும் ஒருவர் சற்றுக் கீழேயுமாகப் படியிறங்கி வருவார்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடம். அடியில் பாட்டின் தொடக்கத்திலும் சரணங்களிலும் சுற்றும் அதே எட்டு கார்டுகள்தான், புதிதாக ஒன்றும் இல்லை. இதைக் கேட்காமல் எழுந்து போவது தலைவாழை இலை போட்டுப் பாயசத்துக்கு முன்னால் கைகழுவுவது போல.

ஒன்பதரைக்குப் பையன் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அருகே போனேன். கிட்டார்க் கழுத்தின் 7-வது ஃப்ரெட் கட்டையில், தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வி மாட்டியிருந்தது. அசலிலும் அங்கேதான். ஃபெல்டர் முதலில் அமைத்த சுருதி ஹென்லியின் குரலுக்கு ஒத்துவராததால் மாற்றினார்கள், கேப்போவும் அவ்வளவு மேலே ஏறியது. தந்தி மூன்றில் ஒரு பங்கு குறுகுவதால் மேண்டலின் மாதிரி ஒரு மினுக்கம் வரும். தெரிந்தே மாட்டியிருக்கிறான். அப்படியானால் கடைசிப் பகுதி தெரியாமல் இருக்காது.

“தம்பி, அந்தக் கடைசி வாசிப்பை ஏன் விட்டுவிடுகிறாய்?”

கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான். “நாலு நிமிடத்துக்கு மேல் எந்தப் பாட்டும் போகக் கூடாது சார். பாட்டு இல்லாமல் வெறும் கிட்டார் ஓடினால் பில் கேட்டுவிடுகிறார்களாம்.” பிறகு, “சனிக்கிழமை குறைந்தது மூன்று முறை வாசிக்கிறேன். விரல் அதுபாட்டுக்குப் போகும், நான் நாளைக்குத் துவைக்க வேண்டிய துணியை நினைத்துக்கொண்டிருப்பேன்” என்றான்.

பெயர் எழுதாததற்குக் காரணம் இதுதான். நல்ல கை உள்ள பையன், என்னால் அவன் வேலை போக வேண்டாம்.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன், இது நிர்வாகத்தின் காதிலும் விழட்டும். மிக்ஸரில் பேஸ் திருகை முழுக்க ஏற்றி வைத்திருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே அது சங்கீதம் இல்லை, லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தம். எங்கள் மேசைத் தம்ளரில் தண்ணீர் நடுங்கியது. இடப்பக்க ஸ்பீக்கர் மைக்கைப் பார்த்து நிற்பதால் பையன் குனியும்போதெல்லாம் ஊளையிடுகிறது. பேஸைப் பாதிக்கும் கீழே இறக்கச் சொன்னேன். ஸ்பீக்கரை நானே ஒரு முழம் முன்னால் தள்ளி வெளிப்பக்கம் திருப்பினேன். இரண்டு நிமிட வேலை. ஊளை நின்றது, கோழி கேட்டவர்களின் குரல் பரிமாறுகிறவருக்கும் கேட்க ஆரம்பித்தது.

பத்து மணிக்கு மூன்று மேசைதான் மிச்சம். கல்லாவில் இருந்தவர் கணக்கை முடிக்க உள்ளே போய்விட்டார். பையன் என்னைப் பார்த்தான், கைப்பேசித் தாளத்தை அணைத்தான், நாலாவது முறையாகத் தொடங்கினான். இந்த முறை துணி துவைக்கிற நினைப்பு இல்லை என்று முதல் மீட்டலிலேயே தெரிந்தது. கடைசி வரி முடிந்தது. நிறுத்தவில்லை. இரண்டு பேர் வாசிக்க வேண்டியதை ஒருவன் எப்படி வாசிப்பான் என்று பார்த்தேன். ஒருவருடைய பகுதியைப் பாதி வாசித்துவிட்டு மற்றவருடையதுக்குத் தாவினான். இருவரும் சேரும் இடத்தில் அடுத்தடுத்த இரண்டு தந்திகளை இரண்டு விரல்களால் பிடித்து, இரண்டையும் ஒன்றாகச் சுண்டி இறங்கினான். எல்லாச் சுரமும் வரவில்லை. ஓரிடத்தில் சுண்டுவிரல் எட்டாமல் தந்தி ‘டக்’கென்று செத்தது. முகம் சுளித்துக்கொண்டு அந்தச் சுற்றை மறுபடி எடுத்து, சரியாக இறங்கி முடித்தான். இதற்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

என் மனைவி பத்து ஆண்டுகள் கடைக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தவள். அந்த ‘டும்’மை என்னைவிடக் கொஞ்சம்தான் குறைவாகக் கேட்டிருப்பாள். பாட்டு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

“என்னங்க, இது நம் கடைப் பாட்டுதானே? இதில் ஆள் பாடவும் செய்வானா?”

பில் 1,870 ரூபாய். அதில் நேரடி இசைக்கு என்று தலைக்கு 50 ரூபாய் சேர்த்திருந்தார்கள், பலகையில் அப்படி ஒரு வரி கிடையாது. பேரன் எட்டு மணிக்கே மகள் மடியில் தூங்கிவிட்டான், அவன் தலைக்கும் 50. கேட்டேன், முணுமுணுத்துக்கொண்டே கழித்தார்கள். போகிறவர்கள் ஒன்பதரைக்கு மேல் போங்கள், வலப்பக்கக் கடைசி மேசையில் உட்காருங்கள், பரோட்டா வேண்டாம். காகிதத் துண்டில் பாட்டின் பெயரை எழுதும்போது கீழே ‘முழுதாக’ என்றும் எழுதிக் கொடுங்கள்.