டபிள்யூசி பாலிசியா சிஏஆரா? சின்ன கான்ட்ராக்டருக்கு முதல்ல எது

டபிள்யூசின்னா வேலையாளுக்கு அடிபட்டா, உயிர் போனா நாம குடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டுக்கான வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன் பாலிசி, சிஏஆர்னா கட்டுற வேலைக்கான கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி. ஜி பிளஸ் ஒன் (தரைத்தளமும் ஒரு மாடியும்) வீடு கட்டிக் குடுக்குற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டு பாலிசியும் ஒரேயடியா எடுத்தா கை கடிக்கும், ஒண்ணுதான் முடியும்னா என் ஓட்டு டபிள்யூசிக்குத்தான், நானும் அதைத்தான் எடுத்தேன்.

சிஏஆர்ல ரெண்டு பாகம். பாதி கட்டின வேலை தீ, வெள்ளத்துல சேதமானா முதல் பாகம், ரோட்டுல போறவர் தலைல செங்கல் விழுந்தா ரெண்டாவது, அதாவது தேர்ட் பார்ட்டி. ஆனா நம்ம சைட்ல வேலை செய்யற ஆளுங்க அந்த தேர்ட் பார்ட்டில வரவே மாட்டாங்க. சாரத்துல இருந்து கொத்தனார் விழுந்தா அதுல ஒரு பைசா வராது. தினமும் உயரத்துல நிக்கறது அவர்தானே?

வேலைல ஆளோட உயிர் போனா நாம குடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டுக்கு என்ன கணக்குன்னு பாருங்க, மாசக் கூலில பாதியை வயசு ஃபேக்டரால, அதாவது அவர் வயசுக்கு சட்டத்துல போட்டிருக்கற எண்ணால பெருக்கணும், 30 வயசுக்கு அது 207.98. 2020-ல இருந்து மாசக் கூலி உச்சவரம்பு 15,000, அப்படி வச்சா 15.6 லட்சம் கிட்ட வருது. "அவன் சென்ட்ரிங் மேஸ்திரியோட ஆளு, எனக்கு சம்பந்தமில்ல"ன்னு கழண்டுக்கவும் முடியாது, சப் கான்ட்ராக்ட் விட்டிருந்தாலும் மெயின் கான்ட்ராக்டர்கிட்டயே கேட்கலாம், நாம கட்டிட்டு அப்புறம் மேஸ்திரிகிட்ட வசூல் பண்ணிக்கணும், அது எந்த காலத்துல நடக்கும்னு உங்களுக்கே தெரியும்.

அதனால டபிள்யூசி எடுக்கும்போது உயிர்நாடி கூலி டிக்ளரேஷன்தான், அதாவது எத்தனை ஆளு, எவ்ளோ கூலின்னு கம்பெனிக்கு எழுதிக் குடுக்கறது. பிரீமியமே மொத்தக் கூலியை வச்சுத்தான், அதான் சில ஏஜென்ட்டுங்க "ஆளைக் கொறைச்சு காட்டுங்க சார்"ம்பாங்க, கேட்காதீங்க, கிளெய்ம்னு போனா கம்பெனி முதல்ல பிடிக்கறதே அதைத்தான். கம்பி கட்டுறவங்க, சென்ட்ரிங், சித்தாள்னு தனித்தனியா போட்டு, சப் கான்ட்ராக்டர் ஆளுங்களையும் சேர்க்கச் சொல்லுங்க. சனிக்கிழமை கூலி குடுக்கும்போதே பேரு, நாள், தொகை, கையெழுத்து நோட்டுல ஏறிடணும். ஆஸ்பத்திரி செலவுக்கு தனி ஆட்-ஆன், அதையும் விடாதீங்க. நஷ்ட ஈட்டுப் பணம் கட்ட லேட் பண்ணி விழற அபராதத்தை பாலிசி ஏத்துக்காது.

சிஏஆர் வேண்டாம்னு சொல்லல. பழைய சுவரை ஒட்டி பேஸ்மென்ட் தோண்டறீங்கன்னா கண்டிப்பா எடுங்க, ஆனா அதிர்வாலயோ பக்கத்து சுவரோட பிடிமானம் தளர்ந்தோ வர்ற சேதத்துக்கான எண்டார்ஸ்மென்ட்டை (பாலிசியோட சேர்க்கற கூடுதல் ஷரத்து) கேட்டு சேர்க்கணும், சும்மா எடுத்தா அது இருக்காது. சேர்த்தாலும் பூச்சுல வர்ற மேலோட்ட விரிசலுக்கு பொதுவா பணம் கிடையாது, ஸ்ட்ரக்சரே ஆடினாதான். தோண்டறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு நிலைமையை ரிப்போர்ட்டா எழுதி வைக்கச் சொல்வாங்க. சிஏஆர்ல நான் கிளெய்ம் போட்டதில்ல, அதனால செட்டில்மென்ட் எவ்ளோ வேகம்னு அடிச்சு சொல்ல மாட்டேன்.