தொட்டியில் மாறிப்போன குழந்தைகள்: மெசாஜேயின் ‘லெ ப்தீத் மிஷூ’ இசைப்பதிவு

பாரிஸின் பூஃப்-பாரிஸியன் அரங்கில் 1897 நவம்பரில் முதன்முறையாக மேடையேறி, 1905இல் இலண்டனில் ஆங்கில வடிவில் தொடங்கி 400 முறைக்கு மேல் நடந்து, பின்னர் சொந்த நாட்டிலேயே ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட நகைச்சுவை ஓபரெட்டா (பாடலும் உரையாடலும் கலந்த இலகுவான இசை நாடகம்), பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆந்த்ரே மெசாஜேயின் ‘லெ ப்தீத் மிஷூ’ (‘மிஷூ வீட்டுச் சிறுமிகள்’). பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையைத் தேடியெடுத்து மீட்பதற்கென்றே வெனிஸில் இயங்கும் பலாட்ஸெட்டோ புரு ஸானே என்ற அமைப்பின் முயற்சியால் இது 2018இல் நான்த் நகரில் மீண்டும் மேடை கண்டது. அதையொட்டி உருவான இசைப்பதிவு, இரண்டு குறுந்தட்டுகள் கொண்ட கெட்டி அட்டைப் புத்தகமாக 2019இல் வெளிவந்தது.

குழந்தை மாறிப்போன கதை நமக்குப் புதிதல்ல. ஆனால் இதில் மாற்றியவருக்கே யார் யார் என்று தெரியாது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தாயை இழந்த ஒரு பிரபுவின் பெண் குழந்தையை வளர்க்க ஏற்றுக்கொண்ட மிஷூ, அதையும் தன் சொந்த மகளையும் ஒரே தொட்டியில் குளிப்பாட்டுகிறார். வெளியே எடுத்த பிறகு எது எவருடைய குழந்தை என்பது அவருக்கே விளங்கவில்லை. பாரிஸின் லெ ஆல் சந்தையில் கடை வைத்திருக்கும் மிஷூவும் அவர் மனைவியும் குழந்தைகள் இருவரையும் மரி-பிளான்ஷ், பிளான்ஷ்-மரி என்று பெயரிட்டு இரட்டையராகவே வளர்த்துவிடுகிறார்கள். 1810இல் அந்தப் பிரபு, இப்போது நெப்போலியனின் தளபதியாக, தன் உயிரைக் காப்பாற்றிய இளம் அதிகாரி கஸ்தோனுக்கு மணமுடித்துவைக்கத் தன் மகளைக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முந்தைய படைப்பு ஒன்று தோல்வியடைந்ததால் மனம் வெறுத்து, இனி இசையமைப்பதே இல்லை என்ற முடிவோடு இங்கிலாந்தில் ஒதுங்கியிருந்த மெசாஜேயைத் தேடி, கடிதம் ஏதுமின்றி இந்த நாடகப் பிரதி மட்டும் ஓர் உறையில் வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். அந்த மனச்சோர்வின் சுவடு இசையில் சிறிதும் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து தெபுஸியின் ‘பெலெயாஸ்’ ஓபராவின் முதல் அரங்கேற்றத்தில் இசைக்குழுவை வழிநடத்தப்போகும் மனிதர் இவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால், வாத்தியங்களை இவ்வளவு சிக்கனமாகவும் நுட்பமாகவும் கையாளும் கை எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

முதல் அங்கத்தில், பள்ளி விடுதியில், இரு பெண்களும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பாடலை மட்டும் நான் பலமுறை திரும்பக் கேட்டேன். இரண்டு பெயர்களையும் முன்னும் பின்னுமாகப் புரட்டிப் போடும் பல்லவியில், யார் பாடுகிறார் என்று கண்டுபிடிக்க முயலும் கேட்பவரும் மிஷூவின் நிலைக்கே வந்துவிடுகிறார். மரி-பிளான்ஷாகப் பாடும் வியோலெத் போல்ஷியின் குரலில் சற்றுக் கனமும் குறும்பும் உண்டு. பிளான்ஷ்-மரியாக வரும் ஆன்-ஓரோர் கோஷேயின் குரல் மென்மையானது. கதை நகர நகர இந்த வேறுபாடு காதுக்குத் துலங்கி வருவதும், சந்தைக் கடையில் வியாபாரம் யார் கைக்குப் படிகிறது, யாருக்குப் படியவில்லை என்பதைக் கதை சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்திப்போகின்றன. இசைக்குழுவை வழிநடத்தும் பியேர் துமூசோ வேகத்தைத் துரத்தாமல், சிரிப்பூட்டும் இடங்களிலும் இசைக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறார். ஓபரெட்டா என்றாலே குரலைக் கோணலாக்கிக் கூத்தடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்பது நல்லது.

குறை என்று சொன்னால், அது பதிவுக்குரியது என்பதைவிடக் கேட்பொலி வடிவத்துக்கே உரியது. பிளான்ஷ்-மரிக்கு, பிரபுவின் மறைந்த மனைவி ஓவியத்தில் அணிந்திருப்பது போலவே உடையுடுத்தி நிறுத்தும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும் அந்தத் திருப்பம், காதால் மட்டும் கேட்கும்போது நாடகப் பிரதியைக் கையில் வைத்திருந்தாலொழிய நழுவிப்போகிறது. மூன்றாம் அங்கத்தில் கதையின் பிடியும் கொஞ்சம் தளர்கிறது. எந்தப் பெண்ணைக் காதலிக்கிறோம் என்றே தெரியாமல் தவிக்கும் கடைப் பணியாள் ஆரிஸ்தீத் இல்லாவிட்டால் இன்னும் தளர்ந்திருக்கும்.

புத்தகத்தில் நாடகப் பிரதியும் கட்டுரைகளும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. இணையத்தில் இசையை மட்டும் கேட்க வாய்ப்பிருந்தாலும், பிரெஞ்சு தெரியாதவர்கள் புத்தகத்தோடு வாங்குவதே சரி. ஏனெனில் இதன் நகைச்சுவையில் பெரும்பகுதி மெட்டில் மட்டுமல்லாமல், அந்த மெட்டில் எந்தச் சொல் எங்கே விழுகிறது என்பதிலும் இருக்கிறது. முதல் அங்கத்தை ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, மற்ற இரண்டையும் பிரதியைப் பின்தொடர்ந்தபடி கேட்கலாம்.