போர்வெல் தண்ணீரில் செடித் தொட்டி: தாங்கியவையும் தாங்காதவையும்

சென்னையில் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர் நேராகக் கொளத்தூருக்குப் போய்விடுகிறார். கடை கடையாக ஏறி இறங்கினால் எதைப் பார்த்தாலும் வாங்கத் தோன்றும். ஆனால் எந்த மீன் வாழும், எந்தச் செடி பிழைக்கும் என்பதை வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. எங்கள் புறநகர்ப் பகுதியில் போர்வெல் தண்ணீர்தான். பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டும், சோப்பு நுரைக்க அடம்பிடிக்கும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் 1,000-ஐ ஒட்டியே நிற்கும். இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு, செடிகளுக்குக் கார்பன் ஊட்டும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எதுவும் இல்லாமல், சில ஆண்டுகளாக ஒரு செடித் தொட்டியை, அதாவது நீர்ச்செடிகளும் வளரும் மீன் தொட்டியை, நடத்தி வருகிறேன். வாங்கியதில் எது உழைத்தது, எது வீண் என்று இப்போது ஓரளவு நிதானமாகச் சொல்ல முடியும்.

தொட்டி சாதாரண இரண்டடித் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்புவரை 56 லிட்டர் பிடிக்கும். மணல், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆளின் எடை வந்துவிடும். அதனால் அடியில் தெர்மாகோல் விரிக்காமல் வைக்கக்கூடாது. மேசை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் அந்த ஒரு புள்ளியில் கண்ணாடி விரிசல் விடும். உள்ளே ஒரு விரற்கடை செம்மண், அதன்மேல் கழுவிய ஆற்று மணல். பாக்கெட்டில் வரும் விலை உயர்ந்த செடி மண் இல்லாமலேயே வேர்கள் நன்றாக ஓடியிருக்கின்றன.

மீன் விஷயத்தில் இப்படிச் சுண்ணாம்பு உப்பு மிகுந்த கடினத் தண்ணீர் ஒரு குறையே இல்லை. கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் இதில் குட்டி மேல் குட்டி போடுகின்றன. நியான் டெட்ராவின் கதை வேறு. அமேசான் ஆற்றுப் படுகையின் மென்மையான, சற்று அமிலத்தன்மை உள்ள தண்ணீர் அதன் பிறப்பிடம். கடையில் பளிச்சென்று தெரிகிறது என்பதற்காக அதை இந்த உப்பில் விடுவது மீனுக்குத் தண்டனை. ஆர்.ஓ. தண்ணீர் கலந்து தொடர்ந்து பராமரிக்கத் தயாராக இருப்பவர் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

செடிகளில்தான் தண்ணீரின் குணம் முழுதாகத் தெரியும். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்றவை தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தமக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளக் கூடியவை. கடினத் தண்ணீரில் அதற்குப் பஞ்சமே இல்லை. என் தொட்டியின் பின்சுவரை மறைத்து வளர்ந்திருக்கும் வாலிஸ்னேரியா, உரமும் சிலிண்டரும் கேட்காமல் ஓடுதண்டு விட்டுப் பரவியது. அதன் பழைய இலை ஒன்றை வெளியே எடுத்து விரலால் நீவினால் சொரசொரவென்று இருக்கும். நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புப் பொடி உதிரும். இலை பைகார்பனேட்டை உறிஞ்சும்போது கால்சியம் கார்பனேட் மேலே படிவதால் வருவது அது. நோய் என்று நினைத்து மருந்து ஊற்ற வேண்டியதில்லை. குறிப்பாக, திரவ கார்பன் என்ற பெயரில் விற்கும் குளுட்டரால்டிஹைடு கரைசலை வாலிஸ்னேரியா இருக்கும் தொட்டியில் ஊற்றவே வேண்டாம். இலைகள் கண்ணாடிபோல் வெளுத்துக் கரைந்துவிடும்.

கபோம்பா இதற்கு நேர் எதிர். மென்மையான தண்ணீரை விரும்பும் செடி அது. இங்கே கணுக்கணுவாக உதிர்ந்து ஃபில்டரில் போய்ச் சேரும். மலிவாகக் கிடைக்கிறது என்பதால் புதியவர் கையில் முதலில் அதைத்தான் திணிக்கிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை. கிரிப்டோகோரைன் வெண்டியை வாங்கினால் பொறுமை வேண்டும். இலங்கையின் ஓடைகளைச் சேர்ந்த செடி. இடம் மாற்றி நட்டதும் இலை முழுவதும் அழுகிப்போனதுபோல் ஆகும். பிடுங்கி எறியாமல் விட்டால் சில வாரங்களில் வேரிலிருந்து புதுத் துளிர் வரும். அதன்பின் அதைப் பற்றி மறந்தே விடலாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் கிழங்குத் தண்டையும் மணலில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டினால் போதும், தாமாகப் பிடித்துக்கொள்ளும். அவற்றை மணலுக்குள் அமுக்கி நடுவதால்தான் பல வீடுகளில் தண்டு அழுகிப் போகின்றன.

கோடையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. தொட்டியில் 50 லிட்டர் நிற்கிறது, வாரத்துக்கு 5 லிட்டர் வற்றுகிறது, அதை 1,000 டிடிஎஸ் தண்ணீரால் நிரப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் ஏறக்குறைய 100 கூடும். பத்து வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். மீன் உடனே சாகாது, மெல்லப் பழகிக்கொள்ளும். ஆனால் அந்தத் தொட்டியில் புதிதாக வாங்கிவிடும் மீன் ஓரிரு நாளில் மிதக்கும். பழைய மீன் நன்றாகத்தானே இருக்கிறது என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போவோம். அதனால் வற்றியதை ஈடுகட்டக் கேன் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர், வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றப் போர்வெல் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டேன். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வருவதில் உப்பு இன்னும் கூடுதல். அது தரை துடைக்கத்தான். குடிநீர் வாரியத் தண்ணீர் வருகிற வீடுகளில் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து கட்டாயம் வேண்டும்.

ஃபில்டர்களில் என் ஓட்டு, ஏர் பம்பின் காற்றால் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கே. அழகில்லை, குமிழிச் சத்தம் உண்டு, இரவில் சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் கெடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார் வகைகள் இந்தச் சுண்ணாம்பில் சுழலி இறுகி நின்றுவிடுகின்றன. வினிகரில் ஊறவைத்து உயிர்ப்பிப்பதே தனி வேலை. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும், குளோரின் குழாயடியில் காட்டினால் அதில் குடியிருந்து மீன் கழிவை மாற்றும் பாக்டீரியாக்கள் போய்விடும். ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபின் நடுவில் பத்து இருபது ரூபாய் ஒருவழி வால்வு ஒன்றைச் செருகிவிடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் போன நேரத்தில் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வந்து பம்பை நனைத்து, தரையையும் நனைத்துவிடும். மின்வெட்டுக்கு யூ.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறும் சிறு பம்ப் ஒன்று வைத்திருக்கிறேன். போட்ட காசுக்கு அதிகமாகவே உழைத்த பொருள் அதுதான்.

ஹீட்டர்? சென்னைக்கு எதற்கு? கூடுதல் சூடு கேட்கும் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவருக்கும் நோய் மீனைத் தனியே வைத்து வைத்தியம் பார்ப்பவருக்கும் பயன்படலாம். நம் பிரச்சினை சூடு கூடுவது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரை அளவுக்குக் குறைகிறது. மீனுக்கோ வெயிலில் மூச்சுத் தேவை கூடுகிறது. மே மாதத்தில் மூடியைத் திறந்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறு ஃபேன் ஓட விடுகிறேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். வற்றுவது கூடும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. மீன்களை நெருக்கமாக விடாமல் இருப்பது எந்த ஃபேனையும்விட மேல்.

விளக்கைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண வெள்ளை எல்.இ.டி., நாளுக்கு ஏழு மணி நேரம், டைமரில். ஜன்னல் வெயில் நேரடியாக விழுந்தால் பாசி பிடிக்கும். மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டைக் குறைக்க மணி பிளான்ட் ஒரு கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொங்க விட்டிருக்கிறேன். இலை தண்ணீருக்கு மேலே.

புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு: தண்ணீர் ஊற்றிய மறுநாள் மீன் விடாதீர்கள். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் தண்ணீரில் இது கூடுதலாக முக்கியம். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வெப்பமும் அதைக் கூட்டுகிறது. போர்வெல் தண்ணீரில் பி.எச். பெரும்பாலும் 8-ஐ ஒட்டித்தான் இருக்கும். அவசரப்படுகிறவர் பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், நன்றாக ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் கேட்டு வாங்கி வரலாம். காலம் பாதியாகக் குறையும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தீனி போட யாரை அழைப்பது என்று கேட்கிறார்கள். யாரையும் அழைக்க வேண்டாம். வளர்ந்த, நலமாக இருக்கும் மீன்கள் ஒரு வாரம் பட்டினியைத் தாங்கும். செடித் தொட்டியில் கொறிக்கவும் ஏதாவது கிடைக்கும். குட்டிகள் இருந்தால் மட்டும், ஒரு வேளைக்கு இவ்வளவு என்று தாளில் பொட்டலம் கட்டிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.