எண்பது விநாடிப் படம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள்: கையால் வரையும் அனிமேஷன் கருவிகளுடன் இரண்டு ஆண்டுகள்

கலைப் படிப்பின் இறுதித் திட்டத்துக்காக 80 விநாடி ஓடும் ஒரு கார்ட்டூன் படத்தைக் கையால் வரைந்து முடித்தேன். காற்று ஒரு சிறுவனின் குடையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது, அவன் துரத்துகிறான். கதை அவ்வளவுதான். அதற்காக வாங்கிய கருவிகள் இரண்டு ஆண்டுகளாக என் மேசையில் இருக்கின்றன. இப்போது அடுத்த படத்துக்கும் அவைதாம் உழைக்கின்றன. புதிதாகத் தொடங்குகிற மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த லைட் பேட் (அடித்தாளின் கோடுகள் தெரிய ஒளிரும் பலகை) வாங்கலாம் என்பதைத்தான். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். இன்று கேட்டால், முதலில் பெக் பாரைப் பாருங்கள் என்பேன்.

பெக் பார் என்பது சில முளைகள் பொருத்திய ஒரு பட்டை. தாள்களின் விளிம்பில் துளையிட்டு அந்த முளைகளில் மாட்டிவிட்டால் எல்லாத் தாள்களும் ஒரே இடத்தில் நிற்கும். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் சிறுவனின் கால் ஊன்றிய இடம் மாறாது. அனிமேஷனுக்கென்றே வருகிற உலோகப் பட்டையில் நடுவில் ஒரு வட்ட முளையும் இருபுறமும் இரண்டு தட்டை முளைகளும் இருக்கும். அதற்கேற்ற பஞ்ச் தனியாக வேண்டும், எளிதில் கிடைக்காது. மாணவர்கள் பலரும் செய்வதுபோல நானும் அலுவலகங்களில் கோப்புக்குத் துளையிடும் சாதாரண பஞ்சையும், அதற்குப் பொருந்தும் இரண்டு வட்ட முளைகள் கொண்ட பிளாஸ்டிக் பட்டையையும் வாங்கினேன். துளைகளுக்கிடையே 80 மில்லிமீட்டர், துளையின் விட்டம் 6 மில்லிமீட்டர். கணக்குச் சரியாகவே இருந்தது.

பட்டையின் முளைதான் துளையைவிடச் சற்று மெலிந்திருந்தது. தாளை மாட்டிவிட்டு விரலால் தள்ளினால் அரை மில்லிமீட்டர் நகரும். காகிதத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் நான் வரைந்த படச்சட்டத்தின் அகலம் 250 மில்லிமீட்டர், திரையில் அது 1920 பிக்சல். அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஏறத்தாழ 4 பிக்சல் நகர்கிறது. விநாடிக்குப் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கமாக 4 பிக்சல் விலகினால் என்ன ஆகும்? சிறுவன் அசையாமல் நின்று வானத்தைப் பார்க்கும் காட்சியில் அவனுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கினான். நான் வரைந்த கோட்டில்தான் பிழை என்று நினைத்து அந்தக் காட்சியை மூன்று முறை வரைந்தேன். இரண்டு வாரம் போனது. கடைசியில் எங்கள் ஆசிரியர் வந்து தாளைத் தள்ளிப் பார்த்துவிட்டு, முளையைச் சுற்றி ஒரு சுற்று மெல்லிய டேப் ஒட்டச் சொன்னார். அன்று மாலையே நடுக்கம் நின்றுவிட்டது. ஒரு மாதத்துக்குள் உலோகப் பட்டைக்கு மாறிவிட்டேன். அது இந்த நிமிடம்வரை ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

ஆகவே பெக் பார் வாங்கும்போது கையோடு ஒரு துளையிட்ட தாளை எடுத்துக்கொண்டு போங்கள். மாட்டும்போது லேசாக அழுத்த வேண்டும், தானாக விழக் கூடாது. இன்னொன்று, படம் முடியும்வரை ஒரே பஞ்சைப் பயன்படுத்துங்கள். அவசரத்துக்கு நண்பரின் பஞ்சில் நாற்பது தாள் துளையிட்டேன். அதில் துளை விளிம்பிலிருந்து கொஞ்சம் கூடுதலாக உள்ளே விழுந்திருந்தது. நாற்பதையும் மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

அடுத்தது லைட் பேட். என்னுடையது ஏ4 அளவு, மெல்லிய எல்இடி வகை, யுஎஸ்பி கேபிளில் ஓடுவது. முதல் ஆண்டு குறை சொல்ல எதுவும் இல்லை. பதினான்காவது மாதத்தில் ஒரு மூலை மங்கத் தொடங்கியது. கேபிள் செருகும் இடம் தளர்ந்து, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால்தான் எரிகிறது. மேற்பரப்பில் பிளேடு பட்ட கீறல்கள், அவை என் தவறு. ஏ4 தாளுக்கு ஏ4 பேட் போதும் என்றுதான் தோன்றும். வரைய உட்கார்ந்தால் மணிக்கட்டு விளிம்பிலிருந்து சரிந்து விழும். பேடின் கனத்துக்கே அட்டையை வெட்டி நான்கு பக்கமும் ஒட்டிவைத்த பிறகுதான் கை நிம்மதியாக ஊன்றியது. வசதி இருந்தால் ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள். ஒளியை எப்போதும் குறைவாக வையுங்கள். முழு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வரைந்தால் கண் எரியும், பென்சில் கோட்டின் அழுத்தமும் தெரியாமல் போகும்.

ஆனால் நான் லைட் பேடை அணைத்துவிட்டு வரையும் நேரமே இப்போது அதிகம். விளக்கு அடியில் இருக்கும் கோடுகளையெல்லாம் ஒரே நேரத்தில் காட்டும். அசைவைக் காட்டாது. அசைவைப் பார்க்க இடது கையின் விரல் இடுக்குகளில் நான்கைந்து தாள்களைச் செருகிக்கொண்டு புரட்ட வேண்டும். பெக் பாரை மேசையில் கீழ்ப்பக்கமாக, வயிற்றுக்கு அருகில் வைத்தால் தாள்களின் மேல்முனை கைக்கு வசதியாகக் கிடைக்கும். முதல் மாதம் தாள்கள் கிழிந்தன, விரல் வலித்தது. பிறகு கை தானாகவே புரட்டப் பழகிவிட்டது. எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரைப் பார்த்தபடியே கூட என்னால் இப்போது புரட்ட முடிகிறது.

குடை காற்றில் மடங்கிக் கிண்ணம்போல் ஆகும் இடத்தைச் சொல்கிறேன். திரையில் விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 நிலைப்படங்கள் ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்குப் 12 படம் வரைந்தால் போதும். அதனால் தாள்களின் எண்கள் ஒற்றைப்படையில் போகும். 37-ஆம் தாளில் குடை விரிந்திருக்கிறது. 41-இல் மடங்கிவிட்டது. இவை இரண்டும் கீ படங்கள் (அசைவின் முக்கிய நிலைகள்), எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். இடையில் இருப்பது 39 மட்டும். விளக்கைப் போட்டு, இரண்டு கோடுகளுக்கும் சரிநடுவே கோடு இழுத்தேன். குடை ஒரு தட்டையான கோடாக வந்தது. நடுப்படம் என்றால் நடுவில்தானே இருக்க வேண்டும்! புரட்டிப் பார்த்தேன். குடை மடங்கவில்லை, சுருங்கி மறுபடி பெரிதானது. எட்டு முறை அழித்தேன். பிறகு உண்மையான குடை ஒன்றைக் காற்றில் பிடித்துப் பார்த்தேன். கம்பிகள் எல்லாம் ஒன்றாக மடங்குவதில்லை. காற்று அடிக்கும் பக்கத்துக் கம்பிகள் முதலில் தெறித்து மேலே போகின்றன, மறுபக்கத்தவை இன்னும் பிடிவாதமாகக் கீழே நிற்கின்றன. விளக்கை அணைத்துவிட்டு 39-ஐ அப்படியே வரைந்தேன்: பாதி மடங்கியது, பாதி மடங்காதது, துணி நடுவில் முறுக்கி இழுபட்டது. தனியாகப் பார்த்தால் அது குடை மாதிரியே இருக்காது. புரட்டினால் ‘படார்’ என்று மடங்கும் ஓசைகூடக் காதில் விழுவதுபோல் இருக்கிறது. திரையில் அந்தப் படம் நிற்பது விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். படத்தில் எனக்கு மிகப் பிடித்த தாள் அதுதான்.

தாளைப் பற்றி: 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) போதும். 100-ஐ வாங்கினால் மூன்று தாளுக்கு மேல் அடுக்கும்போது அடியில் இருப்பது தெரியாது. மழைநாள்களில் தாள் ஈரத்தை உறிஞ்சி நெளிந்துவிடும். ஒரு காட்சியைத் தொடங்கினால், தாள்களை ஒரே கட்டிலிருந்து எடுத்து மூடியுள்ள பெட்டியில் வைத்திருங்கள். எனக்கு இரண்டரை கட்டுத் தாள் (கட்டுக்கு 500) செலவானது. 80 விநாடிக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக வரைந்தால் 960 படம் வேண்டும். நடைக்குச் சுழற்சி இருப்பதால் அவ்வளவு தேவைப்படவில்லை. ஒரு காலடிக்கு 12 ஃப்ரேம் என்றால் இரண்டு காலடிக்குப் பன்னிரண்டு படம், அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். எதிர்காற்றில் தள்ளாடி நடக்கும் இடத்தில் காலடிக்கு 16 ஃப்ரேம் வைத்தேன், உடனே உடம்புக்குக் கனம் வந்துவிட்டது. இறுதிப் படத்தில் 610 தாள்கள்தாம் இருக்கின்றன. மீதி எல்லாம் திருத்தத்தில் கழிந்தவை.

பென்சிலுக்கு நீலம். முதல் வரைவை வெளிர்நீலத்தில் போட்டு, இறுதிக்கோட்டைக் கறுப்பில் இழுத்தால் ஸ்கேன் செய்யும்போது நீலத்தை நீக்கிவிடலாம். அழிப்பதில் போகும் நேரத்தில் பாதி மிச்சம்.

பின்னணியை நான் ஒரே தாளில் வரைந்து, கணினியில் அடியில் வைத்தேன். ஆர்வத்தில் இரண்டு விநாடிக்கு மட்டும் ஒவ்வொரு தாளிலும் மரத்தையும் வேலியையும் சேர்த்து வரைந்து பார்த்தேன். 24 தாள், நான்கு நாள். அமெரிக்கக் கார்ட்டூன் கலைஞர் வின்சர் மெக்கே 1914-இல் தம் டைனோசர் படத்துக்கு ஒவ்வொரு தாளிலும் பின்னணியையும் வரையவைத்தார் என்பது வகுப்பில் படித்த செய்தி. அந்த நான்கு நாளுக்குப் பிறகுதான் அந்த உழைப்பின் அளவு எனக்குப் புரிந்தது. அதே ஆண்டில் அனிமேஷன் கலைஞர் எர்ல் ஹர்டு, பின்னணியை ஒரு முறை மட்டும் வரைந்து அடியில் வைக்க உதவும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததன் அவசியமும் புரிந்தது. பெக் முறையும் ராவுல் பாரே என்ற அனிமேஷன் கலைஞர் வழியாக அந்தக் காலகட்டத்தில்தான் பரவியது. நூறாண்டு கடந்தும் என் மேசையில் அதே பட்டைதான் கிடக்கிறது.

தாள்களைக் கணினிக்குள் ஏற்றுவதில் தொடக்கத்தில் கைப்பேசியைத்தான் நம்பினேன். ஒரு தாங்கியில் கீழ்நோக்கிப் பொருத்தி ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கலாம். பென்சில் டெஸ்டுக்கு, அதாவது பென்சில் படங்களை ஓட்டி அசைவைச் சோதிப்பதற்கு, இதைவிட நல்ல வழி இல்லை, பத்து நிமிடத்தில் அசைவு தெரிந்துவிடும். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவைக்க மறந்தால் மட்டும் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வந்து திரை கண்சிமிட்டும். ஜன்னலை மூடிவிட்டு ஒரே விளக்கில் எடுங்கள். இறுதிப் படத்துக்கு ஸ்கேனர்தான். அதன் கண்ணாடி ஓரத்தில் இன்னொரு பெக் பாரை ஒட்டிவைத்தேன். 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி) போதும். 10 அங்குல அகலத்துக்கு 2000 பிக்சல் கிடைத்துவிடுகிறது, 600-இல் வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

கோட்டைச் சுத்தம் செய்ய ஓபன்டூன்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளைப் பயன்படுத்தினேன். 2016 முதல் திறமூலமாக இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்கேன் செய்த தாளில் உள்ள பெக் துளைகளை அடையாளம் கண்டு, தாள்களைத் தானே நேராக அடுக்கிக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. துளை சுத்தமாக இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். இங்கேயும் எல்லாம் பஞ்சில் வந்து நிற்கிறது, பாருங்கள். வண்ணத்துக்குக் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள். பழகச் சில வாரம் பிடிக்கும். வேறொரு செயலியில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது அது பாதியில் நின்று, மூன்று மணி நேர வேலை போய்விட்டது. அழுகையே வந்தது. ஆனால் கோட்டுப்படங்கள் அத்தனையும் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்தன, மறுநாள் ஸ்கேனரிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

நேரடியாகத் திரையில் வரைந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: காலக்கெடு ஆறு வாரம் என்றால் அதையே செய்யுங்கள். ஆனியன் ஸ்கின் என்ற வசதி முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் மங்கலாகக் காட்டும், பிழையை நொடியில் திருத்தலாம். ஓர் ஆண்டு கையில் இருந்தால், முதல் படத்தையாவது தாளில் வரையுங்கள். திரையில் வரைந்த நாள்களில் ஓட்டிப் பார்க்கும் பொத்தானை நான் இருபது படத்துக்கு ஒரு முறைதான் அழுத்தினேன். தாளில் ஒவ்வொரு கோட்டுக்கும் புரட்டினேன்.

இப்போதைய படம் 50 விநாடி, ஒரு கிழவியும் ஒரு பூனையும். லைட் பேடை மாற்றும் நேரம் வந்துவிட்டது, இந்த முறை ஏ3 அளவு. பஞ்சின் வெட்டும் முனை மழுங்கித் துளையின் ஓரம் பிசிறடிக்கிறது, அதை முதலில் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன். உலோகப் பட்டை மேசையில் அப்படியே இருக்கிறது. அதில் நேற்று மாட்டிய ஒன்பது தாள்களில் பூனை சுவரிலிருந்து பாதி தூரம் குதித்திருக்கிறது.