சங்க மெம்பர் லிஸ்டுக்கு சிவிசிஆர்எம்: பெர்மிஷன் பகுதிக்கு மட்டும் ஒரு ரிவ்யூ

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். அந்த ஒண்ணு ஏன் கொறஞ்சுச்சுன்னு கீழ சொல்லுதேன்.

சிவிசிஆர்எம்ங்கிறது மெம்பர் விவரம், சந்தா எல்லாம் பாத்துக்கிடுற சாஃப்ட்வேர். ஓப்பன் சோர்ஸ், காசு கெடையாது, வெப்சைட் செய்யுற வேர்ட்பிரஸ் மேல ஏத்திக்கிடலாம், அதே மாதிரியான துருபல், ஜூம்லாலயும் ஓடும். எங்க திருநெல்வேலி வியாபாரிகள் சங்கத்துக்கு இதத்தான் போட்டிருக்கு. சந்தா, ரெனியூவல் எல்லாம் ஒழுங்கா பாத்துக்கிடுது. நான் எழுத வந்தது யாரு எதப் பாக்கலாம், யாரு எதத் திருத்தலாம்ங்கிற சமாச்சாரம் மட்டும், நாங்க இதுக்கு மாறுனதே அதுக்காகத்தான்.

முன்னாடி எல்லாம் கூகுள் ஷீட்ல கெடந்துச்சு. டவுன், ஜங்ஷன், பாளை, மேலப்பாளையம், பேட்டைன்னு ஏரியாவுக்கு ஒரு செயலாளர், எல்லாருக்கும் ஒரே லிங்க். சங்கத் தேர்தல் வந்ததும் அந்த லிஸ்ட் வாட்ஸப்புல சுத்த ஆரம்பிச்சு, மெம்பர்க வீட்டம்மா நம்பருக்கெல்லாம் ஓட்டு கேட்டு போன் போச்சு, பொறவு சண்ட வராம இருக்குமா. ஷீட்ல பூட்டு இருக்கேன்னு சொல்லுதவங்களுக்கு, அந்த புரொடெக்ட் ரேஞ்ச் திருத்த விடாதே தவிர பாக்கிறதத் தடுக்காது, மறைச்சு வச்ச டேபையும் ஒரு காப்பி எடுத்தா தெறந்துரலாம்.

இங்க ரெண்டு அடுக்கு. இது புரியாமத்தான் பாதி பேரு விட்டுட்டு ஓடுதாவ.

மொத அடுக்கு வேர்ட்பிரஸ் ரோல். அட்மினிஸ்டர் மெனுவுல பெர்மிஷன் பக்கத்துக்குப் போனா பெரிய கட்டம் ஒண்ணு வரும், மேல ரோல் பேரு, பக்கவாட்டுல பெர்மிஷன், டிக் போட்டுக்கிட்டே போவணும். சந்தா வாங்குற ஆளுக்கு ஆக்சஸ் சிவிசிஆர்எம்மோட, ஆக்சஸ் சிவிமெம்பர் (மெம்பர்ஷிப் பாக்குற பகுதி), எடிட் மெம்பர்ஷிப்ஸ் போதும், டிலீட் எதுவும் வேண்டாம். பொருளாளருக்கு பணம் வரவு பாக்குற சிவிகான்ட்ரிப்யூட் பகுதியும் சேத்து வேணும். எடிட்டர், சப்ஸ்கிரைபர்ங்கிற வேர்ட்பிரஸ் ரோலு நம்ம சங்கத்துக்கு ஒட்டாது, யூசர் ரோல் எடிட்டர் மாதிரி ஒரு ப்ளக்இன் போட்டு ஏரியா செயலாளர், பொருளாளர்னு நீங்களே ரோல் உண்டாக்கிக்கிடுங்க. தலைவர் அட்மின் கேப்பாரு, குடுக்காதீங்க. தலைவருக்கு பாக்க மட்டும் இருந்தா போதும், அவரு கம்ப்யூட்டர்ல உக்காரப் போறதும் இல்ல.

ரெண்டாவது அடுக்குதான் ஏசிஎல், அதாவது யாரு எந்த மெம்பர்கள பாக்கலாம், திருத்தலாம்னு எழுதுற விதி, சரக்கு இங்கதான் இருக்கு. பாளை மெம்பர்க ஒரு குரூப்பு, பாளை செயலாளர் இன்னொரு குரூப்பு, இந்த ரெண்டாவதுக்கு மட்டும் ஆக்சஸ் கன்ட்ரோல்னு வகை டிக் பண்ணணும், அத ஒரு ஏசிஎல் ரோலுக்குள்ள சேக்கணும், பொறவு அந்த ரோலு பாளை மெம்பர் குரூப்ப எடிட் பண்ணலாம்னு ஒரு வரி எழுதணும். மாறி மாறி ஸ்கிரீனு, சவத்த விட்டுரலாம்னு தோணும், ஆனா செட் ஆயிட்டுன்னா பாளை ஆளுக்கு பாளை மட்டுந்தான் தெரியும். இதுல ஒரு பெரிய பொறி இருக்கு: மொத அடுக்குல செயலாளரோட வேர்ட்பிரஸ் ரோலுக்கு வியூ ஆல் கான்டாக்ட்ஸ் டிக் இருந்தா நீங்க எழுதுன ஏசிஎல் பூரா வேஸ்ட்டு, எல்லாருமே தெரிவாவ. எடிட் ஆல் கான்டாக்ட்ஸும் அப்படித்தான். அதனால டெஸ்ட்டுக்கு ஒரு பொய் யூசர் உண்டாக்கி, பிரைவேட் விண்டோவுல லாகின் பண்ணி பாத்துட்டுத்தான் அடுத்தவங்களுக்கு பாஸ்வேர்டு குடுக்கணும்.

மெம்பர் குரூப்ப கையால சேக்காதீங்க, ஸ்மார்ட் குரூப் போடுங்க, பின்கோடு வச்சு தன்னால சேந்துரும். பாளைன்னா 627002 மட்டும் இல்ல, பெருமாள்புரம் 627007, மகாராஜ நகர் 627011, இதெல்லாம் சேத்துப் போடணும், இல்லன்னா பெருமாள்புரத்துக் கடைக்காரவுக யாரு லிஸ்ட்லயும் வரமாட்டாவ. புது மெம்பர சேத்த ஒடனே செயலாளருக்குத் தெரியலன்னா பதறாதீங்க, ஸ்மார்ட் குரூப் லிஸ்ட புதுப்பிக்கிறதுக்கு (cache) 5 நிமிசம்னு செட்டிங் இருக்கு.

இது வந்ததும் ஒரு அண்ணாச்சிக்கு கோவம். "ஏ தம்பி, சங்கம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து நான் இருக்கேன், டவுன்காரன் நம்பர் எனக்கே காட்டமாட்டேங்கு"ன்னு ஆபீஸ்ல வந்து நின்னாரு. டவுன் செயலாளருக்கும் உங்க பாளை நம்பர் தெரியாது அண்ணாச்சின்னு சொன்னதும், "அப்பஞ்சரி"ன்னுட்டு போயிட்டாரு.

இப்ப கொற. பாக்க விட்ட ஆளு எக்ஸ்போர்ட்டும் பண்ணலாம், எக்செல்ல தெறக்குற சிஎஸ்வி ஃபைலா எறக்கிருவாவ. ஆக, லிஸ்ட் வெளிய போவாதுன்னு இத நம்ப முடியாது, போனா ஒரு ஏரியாதான் போவும். அடுத்தது, பேரு தெரியட்டும் போன் நம்பர் மட்டும் தெரியவேண்டாம்னா அதுக்கு ஏசிஎல்ல வழி இல்ல. நாமளா சேக்குற கஸ்டம் டேட்டாவ மட்டும் தனியா மறைக்கலாம், ஜிஎஸ்டி நம்பர அப்படித்தான் வச்சிருக்கோம். ஆதார் நம்பர வாங்கவே வாங்காதீங்க, சங்கத்துக்கு அது எதுக்கு.

யாரு எத மாத்துனாவன்னு பாக்க லாக்கிங் வசதி உண்டு, நல்ல வசதி, ஆனா அதுக்கு டேட்டாபேஸ்ல ட்ரிக்கர், அதாவது ஏதாவது மாறுனா தன்னால ஓடுற கட்டளை, போட அனுமதி வேணும். வெல கொறஞ்ச ஷேர்டு ஹோஸ்டிங் நெறைய எடத்துல அத விடமாட்டாவ, எங்களுக்கும் அதுனாலதான் அது இன்னும் ஓடல. ஹோஸ்டிங்குக்கு ஒரு வருசப் பணத்தக் கட்டுறதுக்கு முன்னாடியே மைஎஸ்க்யூஎல் ட்ரிக்கர் உண்டான்னு சப்போர்ட்ல கேட்டு, பதில எழுத்துல வாங்கிக்கிடுங்க.